ஐயாவும் அய்யாவும்

மார்ச் 3, செவ்வாய்

உமையாள் நான் எழுதிய புரோகிராம் கோடை மறுபடியும் திருப்பி அனுப்பிவிட்டார். கோடில் பிழை இல்லை. ஓடுகிறது, நன்றாகவே ஓடுகிறது. ஒரு பக்கத்தில் 'நீக்கு' என்று எழுதியிருக்கிறேனாம், அடுத்த பக்கத்தில் 'அழி' என்று இருக்கிறதாம், இன்னொரு இடத்தில் 'எடுத்துவிடு'வாம். மூன்றும் ஒரே வேலையைச் செய்யும் பட்டன். "ஒரு வேலைக்கு ஒரு சொல். சொற்பட்டியலைப் பார்க்கவும்" என்று கீழே எழுதியிருக்கிறார். 'வணக்கம் பிரம்மசக்தி' என்று ஒரு சொல் கிடையாது, ஒரு நன்றி கிடையாது.

இத்தனைக்கும் இது சம்பளமில்லாத வேலை. 'என்ன முறை' என்பது இலவச மென்பொருள். குடும்ப விவரத்தைப் பதிந்தால் இன்னார் நமக்கு என்ன முறை வேண்டும், அவரை எப்படிக் கூப்பிடவேண்டும் என்று சொல்லிவிடும். காரைக்குடியில் இருந்துகொண்டு இதைத் தொடங்கியவர் உமையாள். யார் வேண்டுமானாலும் எழுதிக் கொடுக்கலாம், ஆனால் அவர் படித்து ஒப்புக்கொண்டால்தான் உள்ளே சேரும். எதற்கு எந்தச் சொல் என்று அவரே ஒரு சொற்பட்டியலும் போட்டு வைத்திருக்கிறார். நான் கோவில்பட்டியில் எங்கள் வீட்டு மாடியறையில் உட்கார்ந்து பகலெல்லாம் சென்னைக் கம்பெனிக்கு உழைத்துவிட்டு, மிச்சமிருக்கும் நேரத்தில் இதற்கும் உழைத்து, இப்படிப் பேச்சு வாங்குகிறேன்.

நானும் பதில் எழுதினேன். "தமிழில் யானைக்கு மட்டும் களிறு, வேழம், கரி என்று எத்தனையோ பெயர்கள். மொழியின் வளத்தை நாம் ஏன் குறைக்கவேண்டும்?"

இதற்கு என்ன சொல்கிறார் பார்ப்போம். அம்மா கீரை ஆயக் கூப்பிட்டாள், போய் ஆய்ந்து கொடுத்தேன்.

மார்ச் 4, புதன்

பதில்: "யானைக்கு எத்தனை பெயரும் இருக்கட்டும். பாகன் ஒரே பெயரில்தான் கூப்பிடுவான்."

எல்லாவற்றையும் 'நீக்கு' என்று மாற்றி அனுப்பினேன். பல்லைக் கடித்துக்கொண்டுதான்.

மார்ச் 8, ஞாயிறு

ஆவுடை அத்தை வந்திருந்தாள், அய்யாவின் தங்கை. எங்கள் வீட்டில் அப்பாவை அய்யா என்றுதான் கூப்பிடுவோம். அத்தை ஒரு பை நிறையத் திராட்சையும் ஒரு மாப்பிள்ளையும் கொண்டுவந்தாள். திராட்சை பையில் இருந்தது, மாப்பிள்ளை போனில் இருந்தார். பெயர் கோமதிநாயகம். திருப்பூரில் பனியன் கம்பெனியில் மேனேஜர்.

"நம்ம அய்யாகூடப் பெறந்த தங்கச்சி ஒருத்தி சாத்தூர்ப் பக்கம் வாக்கப்பட்டுப் போனாள்லாண்ணே, அவ மகன் வயித்துப் பேரன். மொறைக்கு மாமன் மகன்" என்றாள் அத்தை.

"ரெண்டு தலமொறையாப் போக்குவரத்தே இல்லையே. அவுகதானான்னு எப்பிடித் தெரியும்?" என்றார் அய்யா. அவர் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறார். எதையும் பிரித்துப் பார்க்காமல் நம்பமாட்டார்.

பிறகு என் பக்கம் திரும்பி, "நீ என்ன தாயி சொல்லுத?" என்று கேட்டார்.

"பாக்கலாம்யா" என்றேன்.

எனக்கு இதில் ஆட்சேபம் ஒன்றும் இல்லை. திராட்சை ஒரே புளிப்பு.

மார்ச் 9, திங்கள்

அய்யா கடையில் இருந்து எல்லோருக்கும் போன் போட்டு, "பிள்ள பாக்கலாம்னு சொல்லிட்டா" என்று சொல்லிக்கொண்டிருந்தாராம். குரலில் அவ்வளவு சந்தோஷமாம். எதற்கு என்று எனக்கு விளங்கவில்லை.

மார்ச் 12, வியாழன்

மனது சரியில்லாதபோது கோடு நன்றாக வருகிறது. மனது சரியில்லை என்று சொல்லமாட்டேன், வெயில் அதிகம்.

'சுருக்கப் பதிவு' என்று ஒரு புதிய பகுதி எழுதிவிட்டேன். இப்போது இருக்கும் விண்ணப்பம் அனுமார் வால் மாதிரி நீளம். போன பொங்கலுக்கு அய்யா எங்கள் குடும்பத்தை அதில் பதிந்து முடிப்பதற்குள் மாட்டுப்பொங்கலே வந்துவிட்டது. என்னுடையதில் நாலைந்து கேள்விதான். உன் பெயர், உன் அய்யா பெயர், தாத்தா பாட்டி பெயர், பாட்டி பிறந்த வீடு. காப்பி ஆறுவதற்குள் முடிந்துவிடும். சொற்பட்டியலை ஒருதரம் பார்த்துக்கொள்ளலாமா என்று தோன்றியது. அய்யா என்றால் யார் என்று பட்டியலைப் பார்த்தா தெரிந்துகொள்ளவேண்டும்?

மார்ச் 14, சனி

உமையாள் ஒப்புக்கொண்டுவிட்டார். அதுவும் அனுப்பிய வேகத்திலேயே. "பட்டியலில் இருக்கும் சொல்லையே பயன்படுத்தியிருக்கிறீர்கள். மிக்க மகிழ்ச்சி" என்று எழுதியிருக்கிறார்.

மிக்க மகிழ்ச்சியாம்! சும்மா ஒருதரம் வாசித்தேன். சாப்பிட்டுவிட்டு வந்து இன்னும் இரண்டு தரம் வாசித்தேன். அய்யா என்ற சொல் பட்டியலில் இருக்கிறது என்பதே எனக்குத் தெரியாது, ஆனால் அதை அவரிடம் சொல்வானேன்.

மார்ச் 18, புதன்

அய்யா மாப்பிள்ளையின் இன்னொரு போட்டோவைக் காட்டினார். பைக் மேல் சாய்ந்து நிற்கிறார்.

"எப்பிடி இருக்கான்?"

"யோசிக்கணும்யா."

"யோசி, நல்லா யோசி" என்று சொல்லிவிட்டு, ஞாயிற்றுக்கிழமைக்கு அவர்களை வரச் சொல்லிவிட்டார். காராச்சேவுக்கும் சொல்லியாகிவிட்டது.

அம்மா தனியாகக் கூப்பிட்டு, "உனக்குப் பிடிச்சிருக்கா?" என்று கேட்டாள். "உங்க இஷ்டம்மா" என்றேன். இதற்கு மேல் ஒரு பெண் எப்படித்தான் எடுத்துச் சொல்வது? வீட்டில் ஒருவருக்கும் காது கேட்பதில்லை.

மார்ச் 22, ஞாயிறு

இன்று நடந்ததை ஒழுங்காக எழுதவேண்டும்.

வந்தார்கள். கோமதிநாயகம், அவருடைய அப்பா, அம்மா, கூடவே அத்தை. நான் காப்பி கொண்டுபோய்க் கொடுத்தேன். நாயகம் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. பஜ்ஜியைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

பேச்சு சொந்தத்தில் ஆரம்பித்தது. நாயகத்தின் அப்பாவுக்குச் சந்தேகம். "எங்க தாயாரு வழியில நீங்க மச்சான் மொறதான். ஆனா இன்னொரு வழியில சுத்திவந்தா பங்காளி மாதிரியும் வருது" என்றார். அத்தை மறுத்தாள். அவர் திரும்ப மறுத்தார். இருவருக்கும் செத்துப்போனவர்களின் பெயர்கள் நிறையத் தெரிந்திருந்தன.

அய்யா கையை உயர்த்தினார். "எதுக்கு வாய்ச்சண்ட? என் மக எழுதுன சாப்ட்வேர் இருக்கு. உங்க வீட்டு விவரத்தப் போடுங்க, அதுவே சொல்லிட்டுப் போகுது."

நாயகம் அந்தச் சோபாவில் உட்கார்ந்தபடியே என் சுருக்கப் பதிவில் பதிந்தார். காப்பி ஆறுவதற்குள் முடித்துவிட்டார். எனக்கு அந்த நேரத்திலும் பெருமையாகத்தான் இருந்தது. அய்யா கண்ணாடியை மாட்டிக்கொண்டு, திரையில் வந்ததைச் சத்தமாக வாசித்தார்.

"கோமதிநாயகம், பிரம்மசக்திக்கு மகன் முறை. இவர் அவரைச் சின்னம்மா என்று அழைக்கவேண்டும்."

அத்தை எழுந்து வந்து திரையை எட்டிப் பார்த்தாள்.

"என்னது, மகனா?" என்றாள் அத்தை.

அய்யா அழித்துவிட்டு மறுபடி பார்த்தார். மறுபடியும் மகன். நாயகத்தின் அம்மா சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்துவிட்டாள். "தாய்க்கும் மகனுக்குமா பேச வந்தோம்? நல்லவேள, பாக்கு வெத்தல மாத்தல" என்றாள். அத்தை அந்தப் போனைப் பிடுங்கி உடைக்கவே போய்விட்டாள். "மிசினுக்கு என்னண்ணே தெரியும்?" என்று கத்தினாள்.

அய்யா அசையவில்லை. "என் மக எழுதுனது பொய் சொல்லாது" என்றார்.

கிளம்பிவிட்டார்கள். நாயகம் மட்டும் செருப்பை மாட்டிக்கொண்டே திரும்பி, முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்து, "வாரேன் சின்னம்மா" என்றார். அந்த ஆளின் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம்.

எனக்கு வருத்தம்தான். மிச்சமிருந்த கேசரி முழுவதையும் நானே சாப்பிட்டேன்.

மார்ச் 23, திங்கள்

என் கோடு தப்புச் செய்யாது என்று காட்டுவதற்காகத்தான் திறந்து பார்த்தேன். பார்த்திருக்கக்கூடாது.

பழைய பகுதி உமையாள் எழுதியது. அதில் அப்பா என்றால் அப்பா, ஐயா என்றால் அப்பாவின் அப்பா. நான் எழுதிய புதிய பகுதியில் அய்யா என்றால் அப்பாவேதான். தமிழ் எழுத்தில் எழுதியிருந்தால் அவர் 'ஐயா', நான் 'அய்யா' என்று தப்பித்திருப்போம். கோடில் ஆங்கில எழுத்தில் எழுதியதால் எழுத்துக்கூட மாறாமல் இரண்டும் ஒன்றாகிவிட்டன. நாயகம் தன் அப்பா பெயரைப் பதிந்தார், கணக்குப் போடும் பகுதி அவரைத் தாத்தாவாக எடுத்துக்கொண்டது. மனிதர் ஒரு தலைமுறை கீழே வழுக்கி என் மடியில் மகனாக வந்து விழுந்துவிட்டார். எங்கள் வீடு பழைய விண்ணப்பத்தில் பதிந்தது, அதனால் நாங்கள் இருந்த இடத்திலேயே இருக்கிறோம்.

ஆக, அவர் மாமன் மகன்தான். அத்தை சொன்னதுதான் சரி.

திருத்த ஐந்து நிமிடம் ஆகும். இன்று ஆபீஸ் வேலை அதிகம்.

மார்ச் 24, செவ்வாய்

வேலை அதிகம்.

மார்ச் 26, வியாழன்

மாடியில் ஒட்டடை அடித்தேன். பழைய பேப்பர்களை எடைக்குப் போட்டேன். பரணில் இருந்த பித்தளைப் பாத்திரங்களைப் புளி போட்டுத் தேய்த்தேன். அம்மா என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். திருத்துவதற்கு நேரமே கிடைக்கவில்லை.

மார்ச் 27, வெள்ளி

புதிய எண்ணில் இருந்து ஒரு செய்தி. "சின்னம்மா, சவுக்கியமா? அந்த சாப்ட்வேருக்குக் கோயில் கட்டணும்போல இருக்கு. எனக்கும் இஷ்டம் இல்ல, வீட்டுல சொல்ல வாய் வரல. அன்னைக்குப் பஜ்ஜி தொண்டையில இறங்கல. இப்பதான் நிம்மதியாச் சாப்புடுதேன். இப்படிக்கு, மகன்."

'எனக்கும்' என்று ஏன் எழுதினார்? எனக்கு இஷ்டம் இல்லை என்று நான் எங்கே, யாரிடம் சொன்னேன்?

"நேரத்துக்குச் சாப்பிடுப்பா" என்று பதில் போட்டேன்.

மார்ச் 30, திங்கள்

மென்பொருளின் புகார்ப் பக்கத்தில் இரண்டு புகார்கள் வந்திருக்கின்றன. ஒருவர், "என் தம்பியை எனக்கு மகன் என்கிறது. அவனுக்குச் செலவுக்குப் பணம் வேறு தரவேண்டுமா?" என்று கேட்டிருக்கிறார். விழுந்து விழுந்து சிரித்தேன்.

அடுத்ததைப் படித்தபோது சிரிப்பு நின்றுவிட்டது. சிவகாசிக்காரர். தை மாதம்தான் கல்யாணம் ஆகியிருக்கிறது. "என் மனைவி எனக்குச் சின்னம்மா முறை என்று உங்கள் மென்பொருள் சொல்கிறது. முதலில் இருந்தே அவளைப் பிடிக்காத என் அம்மா இதைப் பிடித்துக்கொண்டு, தெரு முழுக்கக் காட்டிவிட்டார். என் மனைவி அழுதுகொண்டே பிறந்த வீட்டுக்குப் போய்விட்டாள். இது உண்மையா? தயவுசெய்து யாராவது சொல்லுங்கள்."

கீழே உமையாள் கேட்டிருக்கிறார்: "இதன் காரணம் யாருக்காவது தெரியுமா?"

"பார்க்கிறேன்" என்று எழுதினேன். எழுதிவிட்டு எனக்கே கேவலமாக இருந்தது.

மார்ச் 31, செவ்வாய்

காலையில் நானே உமையாளைப் போனில் கூப்பிட்டேன். வயதான டீச்சர் மாதிரிக் குரல் இருக்கும் என்று நினைத்திருந்தேன். என் வயதுதான் இருக்கும். பின்னால் ஒரு கைக்குழந்தை வீட்டையே இரண்டாக்கிக்கொண்டிருந்தது.

"சக்தியா? நானே கூப்பிடணும்னு இருந்தேன். உங்க வீட்டுல அப்பாவ என்னன்னு கூப்பிடுவீங்க?"

"அய்யான்னு."

"அட முருகா! எங்க வீட்டுல ஐயான்னா அப்பச்சியோட அப்பச்சி."

"அப்பச்சின்னா யாருங்க?"

"அப்பாதான்!" என்று சொல்லிவிட்டு அவர் சிரித்த சிரிப்பில் குழந்தையே அழுகையை நிறுத்திவிட்டது. "நீங்க அந்தச் சொல்ல எழுதியிருந்ததும், அடடா, கடைசியில பட்டியலப் பாத்துட்டாகளேன்னு சந்தோசத்துல ஒப்புதல் குடுத்துட்டேன். எந்த அர்த்தத்துல எழுதியிருக்கீகன்னு பாக்கவே இல்ல. பாதித் தப்பு என்னுது. நீங்க எப்பக் கண்டுபிடிச்சீங்க?"

இப்போதுதான் என்று சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரை வந்தது.

"போன வாரம் திங்கக்கிழமையே" என்றேன்.

சிரிப்பு நின்றது. "தெரிஞ்சும் ஏன் சொல்லல?"

நாயகத்தைப் பற்றிச் சொன்னேன். காராச்சேவு முதல் கேசரி வரை எல்லாவற்றையும் சொன்னேன். வெகு நேரம் கேட்டுக்கொண்டிருந்தார்.

"சரி, வீட்டுல என்ன சொல்லியிருக்கீங்க? வேணும்னா, வேணாம்னா?"

"பாக்கலாம்னு."

"அது என்னங்க பதிலு? ஒரு பட்டன்ல அப்படி எழுதுவீங்களா?"

எனக்குக் கோபம் வந்தது. அவர் அதோடு விட்டுவிட்டு, "மொதல்ல அந்தச் சிவகாசிப் பொண்ணுக்கு வழி பண்ணுவோம்" என்றார்.

இருவரும் போனை வைக்காமலே உட்கார்ந்து திருத்தினோம். அவருடைய ஐயாவும் வேண்டாம், என்னுடைய அய்யாவும் வேண்டாம். அப்பா, அப்பாவின் அப்பா. அவ்வளவுதான். சிவகாசிக்காரருக்கு என் பெயரைப் போட்டு, தவறு என்னுடையது, உங்கள் மனைவி உங்களுக்கு அத்தை மகள்தான் என்று எழுதி மன்னிப்புக் கேட்டேன். சாயங்காலம் பதில் வந்தது. அம்மாவிடம் காட்டினாராம். "எனக்கு அப்பவே தெரியும்" என்றாளாம். விடிந்ததும் மனைவியை அழைத்துவரப் போகிறார்.

அந்தப் பெண் அழுத அழுகைக்கு நான் என்ன செய்ய? நான் பித்தளைப் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தபோது அவள் அழுதுகொண்டிருந்திருக்கிறாள்.

ஏப்ரல் 2, வியாழன்

மத்தியானம் அய்யா கடையை அப்படியே போட்டுவிட்டு மாடிக்கு ஓடிவந்தார். மூச்சு வாங்கியது.

"தாயி! மாமன் மகன்னு காட்டுது! இங்க பாரு! ஆவுடைக்குப் போன் போட்டுட்டேன். ஞாயித்துக்கெழம பேசி முடிச்சிருவோம்."

தினமும் அதைத் திறந்து பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார் மனிதர். அதே நேரத்தில் என் போனில் நாயகம்: "சின்னம்மா, என்ன இப்படிப் பண்ணிட்டீங்க! நல்லாத்தான இருந்துச்சு அது!"

அய்யாவிடம் சொல்லிவிட்டேன். தப்பு என் கோடில் இருந்தது என்று. அது எனக்கு அவர்கள் வந்துபோன மறுநாளே தெரியும் என்று.

"தெரிஞ்சேவா விட்டுவச்ச?"

"ஆமாய்யா."

கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். "நாலு பேரு முன்னால, என் மக எழுதுனது பொய் சொல்லாதுன்னு சொன்னேனேட்டி" என்றார். அவ்வளவுதான். கீழே போய்விட்டார்.

திட்டியிருந்தால் தேவலை. எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

ஏப்ரல் 3, வெள்ளி

அய்யா என்னிடம் பேசவில்லை. உப்பு வேண்டும் என்றாலும் அம்மாவிடம் கேட்டு வாங்குகிறார்.

ஏப்ரல் 5, ஞாயிறு

அத்தை பத்து மணிக்குப் பேசுவதாகச் சொல்லியிருந்தாள். அய்யா கூடத்தில் உட்கார்ந்திருந்தார். நான் படிக்கட்டில் நின்றேன். அவரே வாயைத் திறந்தார்.

"கடைசியா ஒண்ணு கேக்கேன். நீதான பாக்கலாம்னு சொன்ன?"

"பாக்கலாம்னா வேண்டாம்னு அர்த்தம்யா."

"எந்த ஊர்ல? நான் பாக்கலாம்னு சொல்லி எதையாவது செய்யாம விட்டிருக்கேனா? சைக்கிள் கேட்ட. பாக்கலாம்னேன். மறுவாரமே வீட்டுல நிக்கலையா? லேப்டாப் கேட்ட. அதுக்கும் பாக்கலாம்னுதான சொன்னேன்?"

உண்மைதான். வாங்கிக்கொடுத்தார்.

அடுப்படியில் இருந்து அம்மாவின் குரல் வந்தது. "அப்ப நான் பாக்கலாம்னு சொன்னா?"

"கெடையவே கெடையாதுன்னு அர்த்தம்" என்றோம் நானும் அய்யாவும் ஒரே நேரத்தில்.

அய்யாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டார். நான் அம்மாவின் சொல்லைச் சொல்லியிருக்கிறேன், அவர் தன்னுடைய சொல்லைக் கேட்டிருக்கிறார். ஒரே வீட்டில், ஒரே உப்பைத் தின்றுகொண்டு. இதை மட்டும் உமையாளிடம் சொன்னால் என்னை ஆயுசுக்கும் விடமாட்டார்.

"அதெல்லாம் போகட்டும். இப்ப சொல்லு. எனக்கு வெளங்குத மாதிரிச் சொல்லு" என்றார்.

அந்த ஒரு சொல் வருவதற்கு அவ்வளவு நேரம் ஆகும் என்று நான் நினைக்கவில்லை. படிக்கட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். அவருக்கு எவ்வளவு ஆசை என்று எனக்குத் தெரியும். அதனால்தான் வரவில்லை.

"வேண்டாம்யா."

சொன்னதும் அழுதுவிட்டேன். எதற்கு அழுகை என்று தெரியவில்லை என்று எழுத வந்தேன். தெரியும். பயந்துபோய் இருந்தேன், இத்தனை நாளும்.

அய்யா, அத்தையின் போனுக்குக் காத்திருக்காமல் அவரே கூப்பிட்டார்.

"ஆவுட, அந்தப் பேச்ச விட்டுரு."

"என்னண்ணே இது? மொற சரியாயிருச்சுன்னு நீதான சொன்ன?" அத்தையின் குரல் படிக்கட்டு வரை கேட்டது.

"மொறையெல்லாம் சரிதான். பிள்ளைக்கு வேண்டாமாம்."

"அதெப்பிடிண்ணே அவுககிட்டப் போய்ச் சொல்ல? ஏதாச்சும் ஒரு காரணம் வேணும்லா? பேசாம மகன் மொறைன்னே இருந்துட்டுப் போகட்டும். அவுகளும் அப்பிடித்தான நெனச்சுக்கிட்டு இருக்காக."

அய்யா என்னை நிமிர்ந்து பார்த்தார். எனக்கும் அந்த நொடியில் அதுவே நல்லது என்றுதான் தோன்றியது.

"பொய் சொல்லாத. எம்மகளுக்கு வேண்டாம்னு சொல்லு. அதுக்கு மேல காரணம் கேட்டாகன்னா என்கிட்டப் பேசச் சொல்லு."

போனை வைத்துவிட்டு, கடைச் சாவியை எடுத்துக்கொண்டு வாசல் வரை போனார். அங்கிருந்து திரும்பி, விரலை நீட்டினார்.

"இனிமே எங்கிட்ட ஒருதரம் பாக்கலாம்னு சொல்லிப் பாரு. அந்த வாரமே கட்டிக்குடுத்துருவேன்."